இழுப்பு என்று நினைத்தது கட்டியாக இருந்தால்: மூச்சுப்பாதையின் அரிய சுரப்பிப் புற்றுநோய்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்துக்கடை நடத்தியவன் நான். பள்ளத்தூரில் வாழ்க்கைப்பட்ட என் ஆச்சி, அதாவது என் உடன்பிறந்த மூத்தவர், ஒன்றரை ஆண்டு ஆஸ்துமா என்ற பெயரில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த இன்ஹேலர்களை அவருக்கு மாதாமாதம் எடுத்துக் கொடுத்ததும் நான்தான். கடைசியில் அவருடைய மூச்சுக்குழாயில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்னும் கட்டி இருப்பது தெரியவந்தது. அந்தச் செய்தி ஊரில் பரவிய பிறகு, இதே வகை நோய் கண்ட குடும்பத்தார் தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர்ப் பக்கங்களிலிருந்து கடைக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

உமிழ்நீர்ச் சுரப்பி வாயில்தானே இருக்கிறது? மூச்சுக்குழாயில் அந்த வகைப் புற்றுநோய் எப்படி வந்தது?

நாம் அறிந்த பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி: காதுக்கு முன்னால் ஒன்று, தாடைக்குக் கீழே ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், தொண்டை ஆகியவற்றின் மெல்லிய தோலுக்கு அடியில் கடுகளவுக்கும் சிறிதான சுரப்பிகள் 600 முதல் 1,000 வரை பரவிக் கிடக்கின்றன. மூக்கின் உட்புறம், குரல்வளை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலும் இதே அமைப்புள்ள சிறு சுரப்பிகள் உண்டு. காற்றுப்பாதையின் சுவர் காய்ந்துபோகாமல் ஈரமாக வைத்திருக்கும் சளிநீரைச் சுரப்பது அவற்றின் வேலை.

அந்தச் சிறு சுரப்பிகளில் ஒன்றில் புற்றுநோய் தொடங்கினால், நுண்ணோக்கியில் அது உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயைப் போலவே தெரியும். ஆகவேதான் ‘உமிழ்நீர்ச் சுரப்பி வகை’ என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். வாயிலிருந்து நோய் கீழே இறங்கிவிட்டது என்பது அதன் பொருள் இல்லை. இதைக் கேட்டு வாய் முழுவதும் டார்ச் அடித்துத் தேடிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத பெயராகப் போட்டிருக்கிறார்கள். எது என்ன?

இந்தப் பாதையில் காணப்படும் சுரப்பிப் புற்றுநோய்களில் முக்கியமானவை இரண்டு. முதலாவது அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. 1850களில் தியோடர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் இதற்கு உருளைக் கட்டி என்று பொருள்படும் ‘சிலிண்ட்ரோமா’ என்ற பெயரைச் சூட்டினார். அந்தப் பழைய பெயர் இன்றும் சில ரிப்போர்ட்டுகளில் தலைகாட்டும். நுண்ணோக்கியில் இது மூன்று வடிவங்களில் தெரியும்: இடியாப்ப உரலின் அச்சுத் தகட்டைப் போல ஓட்டை ஓட்டையாக இருப்பது, குழல்குழலாக இருப்பது, இடைவெளியே இல்லாமல் திண்ணமாக இருப்பது. திண்ணமான பகுதி கூடுதலாக இருந்தால் நோய் வேகம் கொண்டது என்று பொருள். ரிப்போர்ட்டில் ‘சாலிட்’ என்ற சொல் இருக்கிறதா, எத்தனை சதவீதம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமா. இது இளம் வயதினருக்கும், சில வேளைகளில் சிறு பிள்ளைகளுக்கும்கூட வரும். மார்புக்குள் மூச்சுக்குழாய் கிளை பிரிந்த பிறகு உள்ள பகுதியில்தான் இதைக் கூடுதலாகக் காண்கிறார்கள். குறைந்த தரம், அதாவது ‘லோ கிரேடு’ என்று எழுதியிருந்தால், முழுமையாக வெட்டி எடுத்த பிறகு பலருக்கு வேறு சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ‘ஹை கிரேடு’ என்றால் நிலைமை வேறு. இந்தப் பக்கத்தில் நான் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியே பேசுகிறேன். என்னிடம் வரும் கேள்விகளும் அதைப் பற்றியவையே.

இது அவ்வளவு அபூர்வமா? ஊரில் வேறு யாருக்கும் வந்ததாகக் கேள்விப்பட்டதில்லையே?

மூச்சுக்குழாயிலேயே தொடங்கும் புற்றுநோய்கள், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு இரண்டுக்கும் குறைவு. அவற்றில் ஸ்குவாமஸ் செல் என்ற வகையும் அடினாய்டு சிஸ்டிக் வகையும்தான் பெரும்பகுதி. குரல்வளைப் புற்றுநோய்களிலோ நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே சுரப்பி வகை காணப்படுகிறது. ஒரு பொதுநல மருத்துவர் தம் வாழ்நாளில் இப்படி ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு இந்த அரிய தன்மையும் ஒரு காரணம்.

எங்கள் ஆத்தா வெற்றிலைகூடப் போட்டதில்லை. அவுகளுக்கு எப்படி இது வந்துச்சு?

ஸ்குவாமஸ் செல் வகைக்கும் புகைபிடித்தலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அடினாய்டு சிஸ்டிக் வகைக்கு அப்படிப்பட்ட தொடர்பு நிறுவப்படவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சம அளவில், பெரும்பாலும் நாற்பது, ஐம்பதுகளில் வருகிறது. மிளகாய் வறுத்த நெடி, விறகடுப்புப் புகை, ஆத்தங்குடிக் கல் பட்டறையின் சிமெண்ட் தூசி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் சொல்கிறார்கள். இவை நுரையீரலுக்கு நல்லவை அல்ல என்பது உண்மை. ஆனால் இந்தக் கட்டிக்கு இவைதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் கிடையாது.

தெரிந்த செய்தி ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இந்தக் கட்டியின் செல்களில் 6ஆவது, 9ஆவது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, எம்.ஒய்.பி. என்ற மரபணுவும் என்.எஃப்.ஐ.பி. என்ற மரபணுவும் ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். கட்டி உருவான செல்லுக்குள் மட்டும், அந்த மனிதரின் வாழ்நாளில் நடந்த மாற்றம் அது. ஆகவே பிள்ளைகளுக்கு இறங்குமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: இது பரம்பரையாக வரும் நோயாகக் கருதப்படுவதில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே அறையில் படுத்தாலும் ஒட்டிக்கொள்ளாது.

ரெண்டு வருஷமா ஆஸ்துமான்னு வைத்தியம் பார்த்தாங்களே, எக்ஸ்ரேயும் நார்மல்னு சொன்னாங்களே, அதெல்லாம் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன். இந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியவர்களின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ 11 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ளது. அகலம் பாதிக்கு மேல் குறையும் வரை உடம்பு எப்படியோ சமாளித்துவிடும். சுமார் 8 மி.மீட்டராகச் சுருங்கும்போது படியேறினால், வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். 5 மி.மீட்டருக்கு வந்தால் உட்கார்ந்திருக்கும்போதே சீழ்க்கை போன்ற ஒலி கேட்கும். கட்டியோ மிக மெதுவாக வளர்வது. ஆகவே முதல் மூச்சுத்திணறலுக்கும் நோய் பிடிபடுவதற்கும் இடையில் ஆண்டுக்கணக்கில் ஓடிவிடுகிறது. சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாகத் தெரியும். நடுவில் முதுகெலும்பும் இதயமும் பெரிய இரத்தக் குழாய்களும் மேலே படிந்திருக்க, மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் கட்டி எளிதில் தப்பிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கட்டியைச் சுற்றிய வீக்கம் வடிந்து சில நாள் நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியைக் கண்டு, ஆஸ்துமாதான் என்று எல்லோரும் உறுதி செய்துகொள்வோம். என் ஆச்சி விஷயத்தில் நடந்தது இதுவே.

வேறுபாட்டை எதை வைத்துச் சந்தேகிக்கலாம்? நாற்பது வயதுக்கு மேல், முன்பு ஒவ்வாமையோ இழுப்போ இல்லாதவருக்குப் புதிதாகத் தொடங்குவது. இன்ஹேலரைச் சரியாகப் பயன்படுத்தியும் மாதக்கணக்கில் பலன் இல்லாமல் இருப்பது. ஆஸ்துமாவைப் போல் வந்து வந்து போகாமல் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போவது. சத்தம் மார்பைவிடக் கழுத்தில் உரக்கக் கேட்பது. மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒலி வருவது. சளியில் எப்போதாவது இரத்தக் கீற்று தென்படுவது. குழாயில் வேகமாக ஊதச் சொல்லும் ஸ்பைரோமெட்ரி சோதனையில் வரும் வளைகோடு, ஆஸ்துமாவில் குழிந்து இறங்கும். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் மேசையைப் போலத் தட்டையாகிவிடும். அந்தப் படத்தைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். இவற்றில் ஏதேனும் இருந்தால், ‘கழுத்துக்கும் மார்புக்கும் சேர்த்து சிடி ஸ்கேன் எடுக்கலாமா, ஐயா?’ என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்வார் என்று நான் கேட்காமல் இருந்தேன்.

மூக்கில், அண்ணத்தில், குரல்வளையில் வந்தால் எப்படித் தெரியும்?

அண்ணத்தில் வந்தால் வலியில்லாத, வழவழப்பான புடைப்பாகத் தோன்றும். பல்செட் கட்டியவர்கள், திடீரென்று செட் பொருந்தவில்லை என்று பல் மருத்துவரிடம் போய், அங்கே கண்டுபிடிக்கப்படுவது உண்டு. மூக்கிலும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளிலும் வந்தால் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அதே பக்கம் இரத்தக் கசிவு. இரண்டு பக்கமும் மாறி மாறி அடைத்தால் பெரும்பாலும் சளியும் ஒவ்வாமையுமே. குரல்வளையில் குரல் நாண்களுக்குக் கீழே உள்ள பகுதியில்தான் இவ்வகை அதிகம். எனவே குரல் கம்மிப்போகும் முன்பே மூச்சு முட்டத் தொடங்கலாம்.

ஓர் அறிகுறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டிக்கு நரம்பைத் தழுவிக்கொண்டு ஊரும் குணம் உண்டு. கன்னமோ மேலுதடோ மரத்துப்போவது, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, காரணம் தெரியாத முகவலி ஆகியவை கட்டி வெளியே தெரியும் முன்பே வரக்கூடும். அப்போது எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்பின் பாதையை மண்டையோட்டின் அடிப்பகுதி வரை பார்ப்பார்கள்.

ஊசி குத்தி, சதை எடுத்துப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. பயாப்ஸி செய்யாமல் இது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. வகை தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிடவும் முடியாது. பயாப்ஸியில் அஞ்ச வேண்டியது வேறு ஒன்று. மூச்சுக்குழாய் ஏற்கெனவே குறுகியிருக்கும்போது, மயக்கமருந்து கொடுத்து உள்ளே குழாய் விட்டுச் சதை எடுக்கையில் இரத்தம் கசிந்தாலோ வீங்கினாலோ மூச்சு முழுவதும் அடைபடலாம். அதனால் மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவியான பிராங்கோஸ்கோப்பில் வளையாத வகையும், அதைக் கையாண்டு பழகிய மயக்கமருந்து மருத்துவரும், மார்பு அறுவை மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்துகொள்ள வேண்டும். பக்கத்து ஊரிலேயே சீக்கிரம் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இந்த ஏற்பாடுகள் அங்கே இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெதுவாகத்தானே வளரும்? தையில் பேத்தி கல்யாணம் இருக்கிறது. முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

நம் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது முதல் சாமான் பரப்புவது வரை மாதக்கணக்கான வேலை என்பதை அறிவேன். கட்டி மெதுவாக வளர்வதால், எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று விசாரித்து, இரண்டாவது கருத்தும் கேட்டு முடிவு செய்ய ஓரிரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். மறுநாளே கத்தி வைத்தாக வேண்டும் என்ற பதற்றம் வேண்டியதில்லை. அதற்கு மேல் தள்ளிப்போடுவது, குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. முன்பு சொன்ன 5 மி.மீ. கணக்கில் இருப்பவருக்குச் சாதாரணச் சளி பிடித்து, ஒரு கட்டிச் சளி வந்து அடைத்தால் போதும். உட்கார்ந்திருக்கும்போதே சத்தம் கேட்பவர், படுக்க முடியாமல் சாய்ந்தே உறங்குபவர் ஆகியோர் எந்த முகூர்த்தத்துக்கும் காத்திருக்கக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று அவர்களுக்குத் தூக்க மாத்திரையும் கொடுத்துவிடாதீர்கள்.

மெதுவாக வளர்வது என்றால் சாதுவானது என்று எண்ணிவிட வேண்டாம். இந்த நோய் வட்டிக் கணக்கைப் போன்றது. நாம் கவனிக்கவில்லை என்பதற்காக அது நின்றுவிடுவதில்லை.

மூச்சுக்குழாயை வெட்டி எடுத்துவிட்டால் மூச்சு எப்படி விடுவது?

மூச்சுக்குழாயில் 18 முதல் 22 வரை குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. கட்டி உள்ள வளையங்களைச் சுற்றோடு வெட்டி எடுத்துவிட்டு, மேல்முனையையும் கீழ்முனையையும் இழுத்து ஒட்டித் தைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு, உடலமைப்பு இடம் கொடுத்தால், ஏறத்தாழப் பாதி நீளம் வரை இப்படி எடுக்க முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஹெர்மஸ் கிரில்லோ என்ற அறுவை மருத்துவர் 1960களிலிருந்து வளர்த்தெடுத்த முறை இது. அறுவை நடக்கும்போது, வெட்டப்பட்ட கீழ்முனைக்குள் தனிக் குழாய் செலுத்தி நுரையீரலுக்குக் காற்றுக் கொடுப்பார்கள்.

அறுவை முடிந்து வெளியே வரும்போது நோயாளியின் மோவாய் மார்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பதறிப்போவார்கள். அண்ணாந்து பார்த்தால் புதிய தையல் இழுபடும் என்பதற்காகத் தலையைக் குனிந்தபடியே வைத்திருக்கும் தையல் அது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். அந்த ஒரு வாரம் ஆச்சி எங்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல், எங்கள் காலைப் பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று அடையாளம் சொன்னார். குரல்வளையில் கட்டி இருந்தால் அறுவை வேறு மாதிரி. சிலருக்குக் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம். அண்ணத்தில் எடுத்தால் அந்த ஓட்டையை மூடப் பல் மருத்துவர் செய்து தரும் அடைப்புத் தகடு இருக்கிறது.

ஆபரேஷன் முடிந்தும் ஓரத்தில் நோய் இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. டாக்டர் சரியாகச் செய்யவில்லையா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடுதான் கேட்பார்கள். கோபம் புரிகிறது. ஆனால் அடினாய்டு சிஸ்டிக் கட்டி, கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி, குழாய்ச் சுவரின் அடியிலும் நரம்பின் வழியிலும் நூலிழையாக ஊர்ந்திருக்கும். எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு வெட்டினால் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்க முடியாது. தையல் பிரிந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தேர்ந்த அறுவை மருத்துவர் தையல் பாதுகாப்பாக நிற்கும் அளவோடு நிறுத்திவிட்டு, ஓரத்தில் எஞ்சிய நுண்ணிய நோயைக் கதிர்வீச்சிடம் விட்டுவிடுவார். ஓரம் சுத்தமாக இருப்பது நல்லதுதான். ஆயினும் ஓரத்தில் நோய் இருந்து, கதிர்வீச்சும் பெற்று, பல ஆண்டுகள் நலமாக வாழ்பவர்கள் இந்த நோயில் நிறைய உண்டு.

கரண்ட் வைத்தே ஆக வேண்டுமா? முகமெல்லாம் கருத்துவிடும், முடி கொட்டிவிடும் என்கிறார்கள்.

நாம் ‘கரண்ட் வைப்பது’ என்று சொன்னாலும் அதில் மின்சாரம் பாய்வதில்லை. எக்ஸ்ரே போன்ற, அதைவிடப் பன்மடங்கு வலிமையான கதிர் அது. அடினாய்டு சிஸ்டிக் வகைக்கு அறுவைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். வழக்கமாக 60 கிரே அளவு, வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம். ஒவ்வொரு நாளும் மேசையில் படுப்பது சில நிமிடங்களே. கதிர் போகும் பாதையில் உள்ள தோல் கருக்கும், முடி உதிரும். மூச்சுக்குழாய்க்கு வைப்பவருக்குத் தலைமுடி கொட்டாது. வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளையைத் தூக்கலாம். உடம்பில் கதிர் எதுவும் தங்கியிருக்காது.

அண்ணம், மூக்கு, மேல்தொண்டை ஆகிய இடங்களுக்கு வைப்பவர்கள் தொடங்கும் முன்பே பல் மருத்துவரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. வாய் வறட்சி நீண்ட நாள் நீடிக்கலாம். புரோட்டான் கதிர்வீச்சு பற்றியும் கேட்கிறார்கள்: சென்னையில் 2019 முதல் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வசதி உண்டு. மூளைக்கும் கண் நரம்புக்கும் அருகில் உள்ள கட்டிகளுக்கு அது பயன்படலாம். செலவு மிக அதிகம். உங்கள் கட்டி இருக்கும் இடத்துக்கு அதனால் உண்மையில் கூடுதல் நன்மை உண்டா என்று, அந்தக் கருவியோடு தொடர்பில்லாத ஒரு கதிர்வீச்சு மருத்துவரிடம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு நிலத்தை விற்பதைப் பற்றி யோசியுங்கள்.

கேன்சர் என்றால் கீமோ உண்டே, எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? எங்களைக் கைவிட்டுவிட்டார்களா?

இல்லை. மெதுவாகப் பெருகும் இந்தச் செல்கள் வழக்கமான கீமோ மருந்துகளுக்குப் பெரிதாக மசிவதில்லை. அதனால் தொடக்கத்தில் அதைக் கொடுப்பது வழக்கம் அன்று. நோய் பரவி, வேகமாக வளரும் நிலையில் கீமோவையோ, லென்வாட்டினிப், ஆக்ஸிட்டினிப் போன்ற மாத்திரைகளையோ முயன்று பார்க்கிறார்கள். அவை பலருக்குக் கட்டியை வளராமல் நிறுத்தி வைக்கும், கரைத்துவிடுவது குறைவு. இரத்த அழுத்தம் ஏறுவது, கை கால் தோல் உரிவது போன்ற பக்கவிளைவுகளும் உண்டு.

ஆபரேஷன் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

கட்டி நீளமாகப் பரவியிருந்தாலோ உடல்நிலை தாங்காவிட்டாலோ அப்படிச் சொல்வார்கள். அப்போதும் பிராங்கோஸ்கோப் வழியாகக் குழாய்க்குள் உள்ள கட்டியைச் செதுக்கி எடுத்து வழியைத் திறக்கலாம். தேவைப்பட்டால், வழி மீண்டும் மூடாமல் தாங்கிப் பிடிக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைக்கலாம். அதன் பிறகு முழு அளவு கதிர்வீச்சுக் கொடுக்கலாம். இந்த வழியிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் உண்டு. ‘முடியாது’ என்று சொன்னவர் மூச்சுக்குழாய் அறுவை அடிக்கடி செய்பவரா என்பதைத் தெரிந்துகொண்டு, இல்லையென்றால் இன்னோர் இடத்தில் கேட்டுவிடுங்கள். கழுத்தில் ஓட்டை போட்டால் சரியாகிவிடும் என்று உறவினர் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கட்டி அந்த ஓட்டைக்குக் கீழே இருந்தால் பலன் இல்லை, பின்னால் செய்யக்கூடிய அறுவைக்கும் அது இடைஞ்சலாகலாம்.

கரண்ட் வைக்கும் நாளில் என்ன சாப்பாடு கொடுப்பது?

மூச்சுக்குழாய்க்குப் பின்னாலேயே உணவுக்குழாய் இருப்பதால், இரண்டாவது மூன்றாவது வாரத்திலிருந்து விழுங்கும்போது எரிச்சல் எடுக்கும். நம் சமையலில் பாதியை அப்போது ஒதுக்கி வைக்க வேண்டியதுதான். மிளகாய் அரைத்த குழம்பு, மிளகு வறுவல், முறுகிய ஓரமுள்ள வெள்ளைப் பணியாரம், தேன்குழல், சீப்புச் சீடை எதுவும் ஆகாது. பாலில் ஊறிய இடியாப்பம், நன்றாக ஊறிய பால் பணியாரம், குழைந்த பருப்புச் சாதம், காரமில்லாத இளங்குழம்பு, முட்டை, தயிர் ஆகியவை இறங்கும். கவுணி அரிசி சத்தானது என்று கொடுக்கிறார்கள். அதன் தோல் தொண்டையில் உரசும், கஞ்சியாகக் காய்ச்சி வடிகட்டினால் ஒழிய வேண்டாம். எடை குறையாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். பத்தியம் என்று முட்டையையும் பாலையும் நிறுத்திவிடுவதை நான் வன்மையாக மறுக்கிறேன்.

மிளகாய் வறுக்கும் நாளில் நோயாளியை முகப்பில் உட்கார வையுங்கள். அடுப்படி வீட்டின் பின்கோடியில் இருக்கும்படி நம் முன்னோர் வீடு கட்டியது இதற்கும் உதவுகிறது.

ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் குணம் என்றுதானே அர்த்தம்?

பல புற்றுநோய்களுக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். இதற்குப் பொருந்தாது. அடினாய்டு சிஸ்டிக் வகையில் ஐந்தாம் ஆண்டில் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். பத்தாம் ஆண்டிலும் பதினைந்தாம் ஆண்டிலும் அந்த எண்ணிக்கை படிப்படியாகக் குறையும். பழைய இடத்திலேயோ நுரையீரலிலேயோ தாமதமாகத் திரும்பி வருவதுதான் காரணம். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது குறைவு. ஆகவே கழுத்தில் கட்டி இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிட முடியாது. மார்பு சிடி ஸ்கேனை ஆயுள் முழுவதும், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏழாம் ஆண்டில் ‘இனி எதற்கு?’ என்று நிறுத்திவிட்ட ஒருவர் பன்னிரண்டாம் ஆண்டில் இருமலோடு வந்ததை நானே பார்த்தேன்.

நுரையீரலில் சின்னச் சின்னப் புள்ளி இருக்கிறது, ஆனால் மருந்து வேண்டாம், ஆறு மாசம் கழித்து வாங்க என்கிறார்கள். இது என்ன நியாயம்?

பரவிய நோயிலும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும். புள்ளிகள் ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் வளர்ந்து, எந்தத் தொல்லையும் தராமல் பல ஆண்டுகள் கிடப்பது இந்த நோயில் உண்டு. முன்பு சொன்ன மாத்திரைகளின் பக்கவிளைவு அந்தப் புள்ளிகள் தரும் தொல்லையைவிடக் கூடுதலாக இருக்கும்போது, வேகத்தை அளந்து பார்த்துக் காத்திருப்பது முறையான வைத்தியமே. ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் இருந்தால் சிலருக்கு அவற்றை வெட்டி எடுப்பதும், குறிவைத்துக் கதிர்வீச்சுக் கொடுப்பதும் உண்டு. ‘சாலிட்’ வகை என்றால் இவ்வளவு பொறுமை காட்ட மாட்டார்கள்.

இங்கேயிருந்து எங்கே போவது? செலவுக்கு என்ன வழி?

முதல் ஸ்கேனுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனை அதைவிடப் பெரியது. புற்றுநோய்ச் சிகிச்சையும் அங்கே உண்டு. மூச்சுக்குழாய் அறுவை என்று வந்தால், அதைச் செய்து பழகிய குழு உள்ள இடமாக விசாரித்துப் போங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் கருத்துக் கேட்கலாம். அடையாறு மருத்துவமனையை 1954இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை அந்தப் பணிக்கு உந்தியது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நம்மில் சிலர், பெரிய வீடு இருக்கிறதே, கொடுப்பார்களா என்று கூச்சப்பட்டுக் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் பங்காளி வீடு வருமானம் ஆகாது, விண்ணப்பித்துப் பாருங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போய்வர மருத்துவமனைச் சான்றிதழ் காட்டினால், படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்குக் கட்டணம் முழுத் தள்ளுபடி. பல்லவன் போன்ற பகல் வண்டியின் இருக்கை வகுப்பில் முக்கால் பங்கு தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கும் சலுகை உண்டு.

பழைய ரிப்போர்ட்டையெல்லாம் எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

கடைசி வரை. ஐந்தாண்டுக் கேள்விக்கு எழுதிய பதிலைப் படித்தவர்களுக்குக் காரணம் விளங்கும்: பன்னிரண்டாம் ஆண்டில் ஒரு புள்ளி தெரிந்தால், அது எட்டாம் ஆண்டிலேயே இருந்ததா, எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் சிகிச்சையை முடிவு செய்வார்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டும் (சிடி) வேண்டும். பயாப்ஸிச் சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அந்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது கருத்துக்குப் போகும் இடத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.

பிளாக்கை வெயில் படாத, சூடில்லாத இடத்தில் வையுங்கள்; மெழுகு உருகினால் பயன்படாது. குறுந்தட்டில் கீறல் விழும் என்பதால் பிள்ளைகளிடம் சொல்லி பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் படங்கள் முழுவதும் குடும்பத்தின் பழைய ரங்கூன் கணக்குப் பேரேடுகள் இருந்த இரும்புப் பெட்டியில் தேதி வரிசைப்படி இருக்கின்றன. சாவி அவரிடம்தான் இருக்கிறது.